கலுங்கில் தட்டாமல் போக: சின்ன கேம்பிங் டிரெய்லரின் அச்சை உயர்த்தும் வேலை

காரின் பின்னால் மாட்டி இழுக்கிற சின்ன கேம்பிங் டிரெய்லர்கள் பெரும்பாலும் தார்ச்சாலையை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. திருச்சி–ராமேசுவரம் சாலையில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் வரும். திருமயம் பக்கத்திலோ கானாடுகாத்தான் பக்கத்திலோ ஒரு கண்மாய்க்கரைப் பாதையில் திருப்பிப் பாருங்கள், அப்போது தெரியும். ஐப்பசி மழையில் டிராக்டர் போட்ட தடம் தை மாத வெயிலில் இறுகி, நடுவில் சரளை மேடாக நிற்கும். கண்மாயின் உபரி நீர் வழிந்தோடும் கலுங்கைத் தாண்டும்போது கார் ஏறி இறங்கிவிடும். பின்னால் டிரெய்லரின் அடிவயிறு கரகரவென்று உரசும். இது போதாதென்று ஊருக்கு ஊர் வேகத்தடை. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் சொல்லும் வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். ஊர்க்காரர்களே கலவை குழைத்துப் போட்டது அதே உயரத்தை ஒரு முழ அகலத்தில் ஏறச் சொல்லும்.

இதற்குத் தீர்வு அச்சை உயர்த்துவதுதான் என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் எதை உயர்த்துகிறோம், எவ்வளவு உயர்த்துகிறோம் என்று தெரியாமல் வெல்டிங் மெஷினை எடுத்தால் பணமும் போகும், வண்டியும் முன்னைவிட மோசமாக ஓடும். ஒற்றை அச்சு கொண்ட, சாமான்களோடு சேர்த்து 750 கிலோவுக்குள் வரும் டிரெய்லர்களை வைத்தே இதை எழுதுகிறேன். இரட்டை அச்சு வண்டியின் கணக்கு வேறு.

எது தட்டுகிறது?

முதல் வேலை அளவு எடுப்பது. வெறும் வண்டியை அளக்காதீர்கள். பயணத்துக்குக் கிளம்புவதுபோலத் தண்ணீர் நிரப்பி, கேஸ் சிலிண்டர், மெத்தை, பாத்திரம் எல்லாம் ஏற்றி, டயரில் சரியான காற்று வைத்து, சமமான சிமெண்டுத் தரையில் நிறுத்தி அளக்க வேண்டும். தரையிலிருந்து அச்சின் நடுப்பகுதி வரை, ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் தகடு வரை, வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் அடி வரை, கழிவுநீர்க் குழாய் வரை, பின்பக்க நிறுத்துகால்கள் வரை, வால்முனை வரை என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம் அடிப்பாகம் முழுவதும் சுண்ணாம்பைக் கெட்டியாகக் கரைத்துப் பூசிவிட்டு, வழக்கமாகத் தட்டும் பாதையில் ஒருமுறை மெதுவாக இழுத்துப் போய் வாருங்கள். எங்கே சுண்ணாம்பு உரிந்திருக்கிறதோ அதுதான் பிரச்சினை. செலவே இல்லாத சோதனை. ஆனாலும் பட்டறைக்குப் போகிற பலர் இதைச் செய்வதில்லை.

ஏன் இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், உயர்த்தும் வழிகள் எல்லாம் ஒரே பாகத்தை உயர்த்துவதில்லை. அச்சுத் தண்டு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்பதை டயரின் அளவு ஒன்றுதான் முடிவு செய்கிறது. ஸ்பிரிங்கில் என்ன மாற்றினாலும் உயர்வது சட்டமும் அதன் மேல் இருக்கும் உடலும்தான். அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். நடுமேட்டில் தட்டுவது அச்சுத் தண்டு என்றால், ஆயிரக்கணக்கில் செலவழித்து ஸ்பிரிங்கை மாற்றினாலும் அது தட்டிக்கொண்டேதான் இருக்கும். உரிந்தது கழிவுநீர்க் குழாயும் நிறுத்துகாலும் மட்டும் என்றால் அவற்றை மேலே ஏற்றிக் கட்டினாலே போதும். அச்சில் கை வைக்க வேண்டாம். வீட்டு வாசல் சரிவில் ஏறும்போது மட்டும் வால் உரசுகிறதா? சரிவின் அடியில் ஒரு பலகையைப் போட்டு ஏற்றுங்கள். செட்டிநாட்டு வீடுகள் தெருவைவிட அவ்வளவு உயரமாகக் கட்டப்பட்டவை. அந்தச் சரிவுக்காக வண்டியை உயர்த்தப் போனால் அதற்கு முடிவே இல்லை.

அடியில் குனிந்து பாருங்கள்

உங்கள் டிரெய்லரில் இருப்பது மூன்று அமைப்புகளில் ஒன்றாக இருக்கும்.

இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய பட்டை ஸ்பிரிங் இருந்து, அச்சு அந்தப் பட்டைகளுக்கு மேலே உட்கார்ந்திருந்தால், அதாவது அச்சுக்குக் கீழே ஸ்பிரிங் தொங்கினால், உங்களுக்குத்தான் நல்ல வாய்ப்பு. அச்சை ஸ்பிரிங்குக்குக் கீழே கொண்டுபோனால் வண்டி கணிசமாக உயரும். ஸ்பிரிங்குக்கு அடியில் துருத்திக்கொண்டிருந்த தகடும் நட்டுகளும் மேலே போய்விடும். தாழ்வான சொகுசு டிரெய்லர்கள் பல இந்த அமைப்பில்தான் வருகின்றன.

அச்சு ஏற்கெனவே பட்டைகளுக்குக் கீழே இருந்தால் அந்த வழி முடிந்துவிட்டது. சட்டத்துக்கும் ஸ்பிரிங்கைத் தாங்கும் ஹேங்கர் பிராக்கெட்டுகளுக்கும் நடுவே ஒரு இரும்புப் பெட்டிக்குழாயை வைத்து உயர்த்தலாம், டயரை மாற்றலாம், தொய்ந்த பட்டையைச் சரிசெய்யலாம்.

பட்டையே இல்லாமல், ஒரு சதுரக் குழாயிலிருந்து பக்கத்துக்கு ஒரு கை நீண்டு சக்கரத்தைப் பிடித்திருந்தால் அது டார்ஷன் அச்சு. குழாய்க்குள் இருக்கும் ரப்பர்தான் அதில் ஸ்பிரிங். அந்தக் குழாயில் ஒரு பொட்டு வெல்டிங்கூட வைக்கக் கூடாது, ரப்பர் வெந்துபோகும். அச்சு பிராக்கெட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில் பெட்டிக்குழாய் வைத்துப் போல்ட்டால் இறுக்குவதுதான் அதற்கு ஏற்ற முறை.

எவ்வளவு உயரம் கிடைக்கும்?

அச்சை மேலிருந்து கீழே மாற்றும்போது கிடைக்கும் உயரத்தை முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம். அச்சின் தடிமன், ஸ்பிரிங் பட்டைக் கட்டின் தடிமன், இரண்டு ஸ்பிரிங் சீட்டுகளின் (அச்சின்மேல் வெல்டு வைத்து ஸ்பிரிங்கை உட்காரவைக்கும் தகடுகள்) உயரம் ஆகியவற்றைக் கூட்டினால் வருவதுதான் அது. 50 மி.மீ. சதுர அச்சு, 25 மி.மீ. பட்டைக் கட்டு, பழையதும் புதியதுமாக ஆளுக்கு 6 மி.மீ. சீட்டு என்றால் மொத்தம் 87 மி.மீ. 60 மி.மீ. உருண்டைக் குழாயில், 28 மி.மீ. பட்டைக் கட்டோடு, 10 மி.மீ. சீட்டுகள் என்றால் 108 மி.மீ. வரும். ஆக மூன்றரை முதல் நாலேகால் அங்குலம். இதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். நம் பக்கத்துச் செம்மண் பாதைக்கு இதுவே தாராளம். மூன்று அங்குலம் போதும் என்று கணக்கு சொன்னால் மூன்றோடு நிறுத்திக்கொள்வது இன்னும் நல்லது. உயரம் ஏற ஏற வண்டியின் கனம் மேலே போகிறது. வளைவில் சாயும், பக்கக்காற்றில் ஆடும், உள்ளே ஏற ஒரு படி அதிகமாக வேண்டும்.

டயர் வழியில் கிடைப்பது இதைவிடக் குறைவு. ஆனால் அச்சையே உயர்த்தும் வழி அது ஒன்றுதான். விட்டத்தில் எவ்வளவு கூடுகிறதோ அதில் பாதி உயரமாகக் கிடைக்கும். 145/80 ஆர்12 டயரின் விட்டம் ஏறத்தாழ 537 மி.மீ.; 155/80 ஆர்13 என்றால் 578; 165/80 ஆர்14 என்றால் 620. 12-இலிருந்து 13-க்குப் போனால் 20 மி.மீ., 14-க்குப் போனால் 41 மி.மீ. உயர்வு. புதிய ரிம்மின் போல்ட் துளைகள், அச்சு முனையில் சக்கரம் மாட்டும் ஹப்போடு பொருந்த வேண்டும், நடுத்துளை உட்கார வேண்டும், டயரின் சுமைக் குறியீடு பழையதைவிடக் குறையக் கூடாது. மட்காடுக்கும் டயருக்கும் நடுவே, சுமையோடு, குறைந்தது 75 மி.மீ. இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பள்ளத்தில் விழும்போது டயர் மேலே உரசும். அச்சைக் கீழே மாற்றிய பிறகு இந்த இடைவெளி தானாகக் கூடிவிடும். அதனால் இரண்டையும் செய்ய நினைப்பவர்கள் முதலில் அச்சு, அப்புறம் டயர் என்று போவது நல்லது.

பழைய வண்டி வாங்கியிருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். பட்டைகள் தொய்ந்து நேராகிவிட்டதால்தான் வண்டி தாழ்ந்திருக்கிறதோ என்னவோ. லாரி ஸ்பிரிங் வேலை செய்யும் பட்டறையில் பட்டைக் கட்டையே புதிதாகப் போட்டுத் தருவார்கள். பழைய பட்டையை உலையில் காய்ச்சி வளைத்துத் தருகிறேன் என்றால், காய்ச்சிய பிறகு எண்ணெயில் குளிர்வித்துப் பதம் ஏற்றும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். பதம் ஏற்றாத பட்டை கொஞ்ச நாளில் மறுபடி தொய்யும், அல்லது உடையும். பட்டை ஒன்றைக் கூடுதலாகச் சொருகுவதும் உயரம் தரும்தான். ஆனால் ஸ்பிரிங் விறைத்துப்போய், உள்ளே இருக்கும் அலமாரிக் கதவெல்லாம் ஒவ்வொரு குழிக்கும் திறந்துகொள்ளும்.

அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே கட்டைமேல் கட்டையாக அடுக்கி உயர்த்துவதைச் சில இடங்களில் பார்க்கலாம். அது வேண்டவே வேண்டாம். ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சட்டத்தோடு இணைக்கும் ஆடும் தகடான ஷேக்கிளை நீளமாகப் போடுவதும் அப்படித்தான்: ஷேக்கிளில் கூட்டிய நீளத்தில் பாதிதான் அச்சில் உயரமாகத் தெரியும், பக்கவாட்டு ஆட்டம் மட்டும் முழுசாகக் கூடும்.

கையெழுத்து வேலை

மோட்டார் வாகனச் சட்டம், 1988, டிரெய்லரையும் மோட்டார் வாகனமாகவே எடுத்துக்கொள்கிறது. அதன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் தந்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆகவே வேலையைத் தொடங்கும் முன் சான்றிதழோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுவது நல்லது. டிரெய்லரைச் செய்து தந்தவரிடம் உயர்த்தும் கிட் இருந்தால், அவரிடமே செய்துகொள்வதுதான் காகித விஷயத்திலும் சுலபமான வழி.

ஆளும் இடமும்

அச்சை ஸ்பிரிங்குக்குக் கீழே மாற்றும் வேலையை இனி படிப்படியாகச் சொல்கிறேன். கழற்றுவது, அளப்பது, பூட்டுவது எல்லாம் நீங்களே செய்யக்கூடியவை. வெல்டிங் மட்டும் தெரிந்தவர் கையில் இருக்க வேண்டும். கிரில் கதவு செய்பவர் நல்ல வேலைக்காரராகவே இருக்கலாம், ஆனால் அச்சு வெல்டிங் அவர் வேலை அல்ல. டிராக்டர் டிரெய்லர் கட்டும் பட்டறையைத் தேடிப் போங்கள். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் என்று எந்தப் பக்கம் இருந்தாலும், சுமை ஏற்றும் அச்சைத் தினமும் பார்க்கிறவர்தான் வேண்டும். 7018 ரக வெல்டிங் ராடு பயன்படுத்துகிறாரா, அதை ஈரம் படாமல் வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். கேள்வியே புரியவில்லை என்றால் வேறு பட்டறை பாருங்கள்.

சில இடங்களில், “அண்ணே, அச்சை அப்படியே தலைகீழாப் புரட்டிப் போட்டா முடிஞ்சுச்சு, புது சீட்டே தேவையில்லை” என்பார்கள். சம்மதிக்காதீர்கள். பல டிரெய்லர் அச்சுகள் நடுவில் லேசாக மேல்நோக்கி வளைத்துச் செய்யப்பட்டவை. சுமை ஏறியதும் சக்கரம் நேராக நிற்கட்டும் என்பதற்காகவே அந்த வளைவு. புரட்டினால் வளைவு கீழ்நோக்கிப் போய், சக்கரங்கள் உள்பக்கமாகச் சாய்ந்து டயரின் உள்விளிம்பைத் தின்னும். பிரேக் உள்ள அச்சை முனை மாற்றிப் புரட்டினால் இடது பிரேக் வலது பக்கம் போய்விடும். அச்சு இருக்கிற நிலையிலேயே கீழே இறங்க வேண்டும். அதன் மேல்முகத்தில் புதிய சீட்டு ஏற வேண்டும்.

இடத்தைப் பொறுத்தவரை, கெட்டியான சமதரை வேண்டும். செம்மண்ணில் ஸ்டாண்டு வைத்தால், மழை பெய்த ஈரம் இருக்கும்வரை அது இறங்கிக்கொண்டே இருக்கும். அடியில் தடித்த பலகையோ கடப்பாக் கல்லோ போட்டு அதன்மேல் வையுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த முற்றத்தில் இந்த வேலையை வைத்துக்கொண்டால் வண்டி உயரும் முன் வீட்டில் குரல் உயரும். கல்லில் எண்ணெய்க் கறையும் போகாது. செங்கல்லையோ ஹாலோ பிளாக்கையோ முட்டுக் கொடுக்காதீர்கள். அவை சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும்.

கழற்றுவது

கேஸ் சிலிண்டர், மெத்தை, திரைச்சீலை எல்லாவற்றையும் முதலில் வெளியே எடுத்துவிடுங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். காரோடு மாட்டியிருக்கும் பிளக்கையும் எடுத்துவிடுங்கள்.

எதையும் கழற்றும் முன் அச்சின்மேல் பெயிண்டால் ‘மேல்’, ‘முன்’, ‘இடது’ என்று எழுதுங்கள். நான்கு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். காரின் ஹிட்ச் பந்தில் மாட்டும் முன்முனைப் பூட்டான கப்ளரின் நடுவிலிருந்து அச்சின் இரு முனைகளுக்கும் டேப் பிடித்து இரண்டு அளவையும் குறித்து வையுங்கள். பின்னால் சரிபார்க்க இந்த இரண்டு எண்கள்தான் கைகொடுக்கும்.

சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே அரைச்சுற்று தளர்த்துங்கள். ஜாக்கியைச் சட்டத்தில் கொடுத்துத் தூக்குங்கள்; அச்சின் நடுவில் கொடுத்தால் அது வளைந்துவிடும். அச்சுக்கு முன்னும் பின்னும் இரு பக்கமும் ஸ்டாண்டு, முன்னால், டிரெய்லரின் மூக்கைத் தாங்கும் சின்னச் சக்கரமான ஜாக்கி வீலுக்கு முட்டு. அப்புறம் வண்டியைக் கையால் நன்றாக ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அடியில் போகாதீர்கள்.

சக்கரத்தை எடுத்த பின், அச்சை இன்னொரு ஜாக்கியால் தாங்கிக்கொண்டு, அச்சையும் ஸ்பிரிங்கையும் சேர்த்துப் பிடித்திருக்கும் யூ போல்ட்டுகளைக் கழற்றலாம். துருப்பிடித்த நட்டு வராவிட்டால் அறுத்துவிடுங்கள். பழைய யூ போல்ட்டை எப்படியும் திரும்பப் போடப் போவதில்லை. ஒருமுறை இறுக்கி நீண்ட மரை மறுபடி அதே பிடியைத் தராது. பிரேக் வயர் அல்லது கேபிள் இருந்தால் அதை முதலில் விடுவித்துவிடுங்கள். அடுத்து ஸ்பிரிங்குகளை ஹேங்கரிலிருந்தும் ஷேக்கிளிலிருந்தும் எடுத்தால்தான் அச்சு கீழே இறங்க வழி கிடைக்கும். எடுத்த கையோடு புஷ்ஷையும் ஷேக்கிள் போல்ட்டையும் பாருங்கள். தேய்ந்திருந்தால் இப்போதே மாற்றிவிடலாம்.

புதிய சீட்டு

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அவசரம் வேண்டாம்.

புதிய ஸ்பிரிங் சீட்டு பழைய சீட்டுக்கு நேர் எதிரே, அச்சின் மேல்முகத்தில் உட்கார வேண்டும். கொஞ்சம் சுழன்று உட்கார்ந்தாலும் அச்சின் மேல் வளைவு முன்னாலோ பின்னாலோ திரும்பிவிடும், சக்கரங்கள் நேராக ஓடாது. பழைய சீட்டின் முகத்தில் ஒரு ரசமட்டம், புதியதன் முகத்தில் ஒன்று என்று வைத்து, இரண்டும் ஒரே வாசிப்பு காட்டும்வரை நகர்த்துங்கள். இடது வலது சீட்டுகளின் நடுத்துளைகளுக்கு இடையே உள்ள தூரம் ஸ்பிரிங்குகளுக்கு இடையே உள்ள தூரத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு சீட்டிலிருந்தும் அந்தப் பக்க ஹப் முகம் வரை உள்ள தூரமும் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

முதலில் பொட்டுப் பொட்டாக மட்டும் வெல்டு வைக்கச் சொல்லுங்கள். அச்சையும் ஸ்பிரிங்கையும் வண்டியில் தற்காலிகமாகப் பூட்டி, கப்ளரிலிருந்து அளவு எடுத்துப் பாருங்கள். சரியாக இருந்தால் மறுபடி கழற்றி, அச்சை வண்டியிலிருந்து தள்ளி வைத்து முழு வெல்டு வைக்கலாம். ஒட்டுப்பலகைத் தரைக்கு அடியில் பொறி பறக்க விடுவதைவிட இந்த இரட்டை வேலை எவ்வளவோ மேல்.

வெல்டு அச்சின் நீளவாக்கில், சீட்டின் இரு ஓரங்களிலும் ஓட வேண்டும். அச்சைச் சுற்றிக் குறுக்காக ஓடக் கூடாது. குறுக்கு வெல்டின் ஓரத்தில்தான் பின்னாளில் விரிசல் தொடங்கும். அச்சின் அடிமுகத்தில் எதையும் ஒட்ட வேண்டாம். சக்கரங்கள் இரு முனையிலும் தாங்க, நடுவில் சுமை அழுத்தும்போது இழுவிசை விழுவது அடிமுகத்தில்தான். பழைய சீட்டு அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும். அதை அறுத்தெடுக்கப் போய்க் குழாயைக் காயப்படுத்துவதில் லாபமில்லை. துத்தநாகம் பூசிய அச்சு என்றால் வெல்டு விழும் இடத்தில் பூச்சை முதலில் கிரைண்டரால் எடுத்துவிட வேண்டும். துத்தநாகம் எரிந்து வரும் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். எர்த் கிளாம்பை வெல்டுக்குப் பக்கத்திலேயே அச்சில் மாட்டச் சொல்லுங்கள். ஹப்பிலோ சக்கரத்திலோ மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து அதைக் கெடுக்கும். வெல்டு தானாக ஆற வேண்டும், தண்ணீர் ஊற்றுவது கூடாது. ஆறிய பின் பிரைமர், அதன்மேல் பெயிண்டு.

ஸ்பிரிங் பட்டையில் எக்காரணத்தாலும் வெல்டு படக் கூடாது. ஒரு துளி பொறி ஒட்டினால்கூட அந்த இடத்தில் பதம் போய் உடையும்.

பூட்டுவது

பட்டைகளை ஒன்றாகப் பிடித்திருக்கும் சென்டர் போல்ட்டின் தலை, சீட்டின் நடுத்துளையில் இறங்கி உட்கார வேண்டும். அச்சு நகராமல் இருப்பது அந்தத் தலையால்தான். இதுவரை அச்சு மேலே இருந்ததால் தலையும் மேல்பக்கம் இருக்கும். இப்போது அச்சு கீழே போய்விட்டதால் போல்ட்டைத் திருப்பிப் போட வேண்டும். பட்டைக் கட்டை இரண்டு சி-கிளாம்பால் இறுக்கிப் பிடித்த பிறகுதான் போல்ட்டைக் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் பட்டைகள் தெறிக்கும். ஸ்பிரிங்கைத் தலைகீழாக்க வேண்டாம். நீளப் பட்டை மேலே, குட்டைப் பட்டைகள் கீழே என்ற வரிசை மாறாது.

யூ போல்ட்டை லாரி ஸ்பிரிங் கடையில் சொல்லிச் செய்துகொள்ளலாம். அச்சு உருண்டையா சதுரமா, அதன் தடிமன் எவ்வளவு, கால் நீளம் எவ்வளவு என்று சொன்னால் போதும். அச்சு, சீட்டு, பட்டைக் கட்டு, மேல்தகடு, நட்டு ஆகியவற்றின் தடிமனைக் கூட்டி, அதன்மேல் இரண்டு மூன்று மரை வெளியே தெரியும்படி நீளம் சொல்லுங்கள். இனி யூ போல்ட்டின் வளைவு அச்சுக்கு அடியில் போகும், நட்டு மேலே வரும். கால்கள் மிக நீளமாக இருந்தால் பள்ளத்தில் விழும்போது நுனி சட்டத்தில் குத்தும். யூ போல்ட் நுனிக்கும் சட்டத்துக்கும் நடுவே, சுமையோடு, 75 மி.மீ.யாவது இருக்கட்டும்.

நான்கு நட்டுகளையும் குறுக்கு வரிசையில், கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். அரை அங்குல அல்லது 12 மி.மீ. யூ போல்ட்டுக்கு 60 முதல் 90 நியூட்டன் மீட்டர் வரை வைப்பது வழக்கம்; தயாரிப்பாளர் ஓர் எண் தந்திருந்தால் அதையே வையுங்கள். டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் கடன் வாங்குங்கள், இதில் கைக்கணக்கு வேண்டாம்.

முழுசாக இறுக்கும் முன் கப்ளரின் நடுவிலிருந்து அச்சின் இரு முனைக்கும் மறுபடி டேப் பிடியுங்கள். இரண்டுக்கும் 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் வண்டி நண்டுபோல் பக்கவாட்டாக ஓடும். பழைய அளவுகளோடும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

சக்கரம் கையில் இருக்கும்போதே ஹப்பைத் திறந்து பேரிங்கையும் கவனித்துவிடலாம். பழைய கிரீஸைத் துடைத்து, புதியதை உருளைகளுக்குள் திணித்து, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு கால்சுற்று அளவுக்குத் தளர்த்தி, புதிய ஸ்பிளிட் பின் போட்டு மடக்குங்கள்.

கப்ளர் உயரம்

வண்டி உயர்ந்துவிட்டது. காரில் இருக்கும் ஹிட்ச் பந்து உயரவில்லை. இப்படியே மாட்டினால் டிரெய்லர் முன்னோக்கிக் குனியும். அச்சிலிருந்து கப்ளர் 3 மீட்டர் தள்ளி இருக்கிறது, 90 மி.மீ. உயர்த்தியிருக்கிறீர்கள் என்றால், மீட்டருக்கு 3 செ.மீ. சரிவு. படுத்தால் தலையை எந்தப் பக்கம் வைப்பது என்ற பிரச்சினை வரும். அதைவிட முக்கியம், உயர்த்திய பலனே முன்பாகத்தில் கிடைக்காது. அச்சின்மேல் 90 மி.மீ. கிடைத்தாலும் பாதி வழியில் 45 தான், கப்ளரில் பூஜ்யம்.

டிரெய்லரை மட்டமாக நிறுத்தி, தரையிலிருந்து கப்ளரின் உள்மேல்பகுதி வரை அளந்துகொள்ளுங்கள். ஆட்களும் சாமானும் ஏற்றிய நிலையில் காரின் பந்து உச்சி வரை அளந்துகொள்ளுங்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். முன்பக்கம் ஓர் அங்குலம் குனிந்திருந்தால் பரவாயில்லை, நிமிர்ந்து நிற்கக் கூடாது. நிமிர்ந்தால் பந்தின்மேல் விழும் கனம் குறைந்து, வேகத்தில் வால் ஆட ஆரம்பிக்கும். ஒத்துவராவிட்டால், உயரம் மாற்றக்கூடிய துளைத்தகடு உள்ள பந்துத் தாங்கி போடலாம். கப்ளர் இழுவைக் குழாயின் மேல்பக்கம் இருந்தால் அதைக் கீழ்ப்பக்கத்துக்கு மாற்றியும் குழாயின் உயரம் அளவுக்கு இறக்கலாம். பந்தும் கப்ளரும் ஒரே அளவாக இருக்கட்டும்; 50 மி.மீ. கப்ளரில் இரண்டு அங்குலப் பந்தை அடித்து ஏற்றுவது கூடவே கூடாது.

பாதுகாப்புச் சங்கிலி, விளக்கு வயர், பிரேக் கேபிள் எல்லாம் புதிய உயரத்துக்கு நீளம் எட்டுகிறதா, வளைவில் இழுபடாமல் இருக்கிறதா என்று காரை முழுசாகத் திருப்பிப் பார்த்துவிடுங்கள். நிறுத்துகால்களும் ஜாக்கி வீலும் இனி தரையை எட்டாமல் போகலாம். கால்களுக்கு அடியில் வைக்க நாலு தேக்குக் கட்டை போதும், ஜாக்கி வீலுக்கு நீளமான குழாய் வாங்க வேண்டியிருக்கும். உள்ளே தண்ணீர்த் தொட்டியும் பேட்டரியும் உயரத்தில் இருந்தால் கீழே, அச்சுக்கு நேர்மேலே இறக்கிவிடுங்கள். கூரைமேல் சாமான் கட்டும் வழக்கத்தை இனி விட்டுவிடுவது நல்லது.

ஓட்டிப் பார்ப்பது

முதல் ஓட்டம் காலியாக, மெதுவாக, ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். காரைக்குடியில் இருப்பவர்கள் கானாடுகாத்தான் போய் ஆத்தங்குடி வழியாகத் திரும்பினால் தார், வேகத்தடை, குறுகலான ஊர்த்தெரு என எல்லாம் அந்தச் சுற்றிலேயே வந்துவிடும். கொஞ்ச தூரம் போய் நிறுத்தி ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் அதிகம் இறுகியிருக்கிறது. யூ போல்ட் நட்டுகளை 80 கிலோமீட்டருக்குள் மறுபடி ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். புதிய சீட்டு உட்கார்ந்த பிறகு அவை கொஞ்சம் தளர்வது வழக்கம். சக்கர நட்டுக்கும் இதே விதிதான்.

அடுத்ததாகச் சாமான் ஏற்றி, பழையபடி சுண்ணாம்பு பூசி, முன்னால் தட்டிய அதே பாதையில் ஓட்டுங்கள். மாசி, பங்குனியில் பாதை காய்ந்திருக்கும்போது இதைச் செய்யலாம். மழைக்காலத்தில் வேண்டாம், வண்டி எத்தனை அங்குலம் உயர்ந்திருந்தாலும் கலுங்கில் தண்ணீர் ஓடும்போது கடக்கக் கூடாது. தண்ணீர் டிரெய்லரை மிதக்கவைத்துப் பக்கவாட்டில் தள்ளிவிடும்.

ஓரிரு பயணம் கழித்து இரண்டு டயர்களையும் கையால் தடவிப் பாருங்கள். இரண்டிலும் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் அச்சின் வளைவு கீழ்நோக்கித் திரும்பியிருக்கிறது, அல்லது சுமை கூடியதால் அச்சு நடுவில் தாழ்ந்திருக்கிறது. ஒரு டயரில் மட்டும் தேய்மானம் என்றால் அந்தப் பக்கத்து முனை வளைந்திருக்கிறதா என்று பட்டறையில் பார்க்கச் சொல்லுங்கள். டயர்முகம் ரம்பப் பல்போலச் சொரசொரப்பாக இருந்தால் கப்ளரிலிருந்து மறுபடி டேப் பிடிக்க வேண்டும். அளவு சரியாக இருந்தால், டயர்களின் முன்விளிம்புகளுக்கு இடையேயும் பின்விளிம்புகளுக்கு இடையேயும் ஹப் உயரத்தில் அளந்து, 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அச்சைப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.